முதுகில் ஒரு கை

தகரப் பட்டறைக்காரன் வீட்டில் ரகசியம் தங்காது. மனைவி மறுபடியும் கர்ப்பமாக இருக்கிறாள் என்று தெரிந்த அன்று அவன் அவள் காதோரம் குனிந்து, தன்னளவில் கிசுகிசுப்பாக, "அல்ஹம்துலில்லாஹ், யார்கிட்டயும் இப்ப சொல்ல வேணாம்" என்றான். மறுநாள் காலை எதிர்வரிசை மளிகைக்கடைக்காரர் பால் பாக்கெட்டை நீட்டிக்கொண்டே, "எத்தனை மாசம்மா?" என்று விசாரித்தார்.

அவனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பெரிய கட்டடங்களுக்குக் காற்றுப் போகிற தகரக் குழாய்கள் செய்கிற பட்டறையில் பதினெட்டு வருஷமாக வேலை செய்கிறான். ஒருபக்கம் தகடு வெட்டும் மிஷின், இன்னொரு பக்கம் மடிப்பு அடிக்கிற சுத்தியல்கள். கத்தினால்தான் பேச்சு. போதாக்குறைக்குக் காதும் பாதி போய்விட்டது. தன் குரல் எவ்வளவு உயரத்தில் போகிறது என்று அவனுக்கே தெரியாது. தெருவில் அவனுக்கு 'மைக்செட்' என்று பெயர். அதை அவன் கோபித்துக்கொண்டதில்லை, பாதி நேரம் காதில் விழாததும் ஒரு காரணம்.

அவளோ நேர் எதிர். வீட்டு முன்னறையில் தலையணை தைக்கிறவள். பஞ்சைப் பிரித்து, வெயில் காட்டி, உறையில் திணித்து, வாயைத் தைத்து முடிக்கிற வரை அந்த அறையில் மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும் இருக்கும். பேசினால் பஞ்சு வாய்க்குள் போகும் என்று சின்ன வயதில் பழகியது. புருஷனிடம் பேசும்போது குரலே எழுப்புவதில்லை. முகத்தைப் பார்த்து உதட்டை அசைத்தால் போதும், அவன் புரிந்துகொள்வான். பட்டறையில் எல்லோருக்கும் கைவந்த வித்தை அது.

இருவருக்கும் ஏழு வயதில் ஒரு மகள். அவளுக்குப் பிறகு ஏழு வருஷம் எதுவும் இல்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம், அல்லாஹ் நாடும்போது என்று அவள் பதில் சொல்லிவைத்தாள். உள்ளுக்குள் இருந்த காரணம் வேறு. அது பயம்.

மகள் பிறந்த ஆஸ்பத்திரியில் அவள் பெயர் மூணாம் நம்பர். கண்ணுக்கு நேராக விளக்கு, காலைப் பிடித்துக்கொள்ள ஆட்கள், "கத்தாதே, கத்தாதே" என்று கத்துகிற ஆயா. தலைத்துணி நழுவித் தரையில் விழுந்தது. எடுத்துத் தரச் சொல்லி இரண்டு முறை கேட்டாள், யாரும் எடுக்கவில்லை. அவள் கேட்டது அவர்கள் காதில் விழுந்ததா என்பதுகூட இன்றுவரை அவளுக்குத் தெரியாது. கதவுக்கு வெளியே அவன் நின்று அல்லாஹ்விடம் துஆ கேட்டுக்கொண்டிருந்தான். மனதுக்குள் கேட்பதாகத்தான் அவனுக்கு நினைப்பு. வார்டு முழுக்க எதிரொலித்ததால் காவலாளி வந்து தெருவுக்கு அனுப்பிவிட்டார்.

பிறகு நடந்ததுதான் பெரிது. பிறந்த பிள்ளையின் காதில் முதல் சொல்லாகத் தொழுகை அழைப்பைச் சொல்வது வழக்கம், அந்தப் பாங்கைச் சொல்ல அவனைக் கூப்பிட்டார்கள். ஓடி வந்தவன் ஆசை ஆசையாகக் குனிந்து, முதல் வார்த்தையை எடுத்தான். பிள்ளை தூக்கிப்போட்டாற்போல் துடித்து, மூச்சை உள்ளே இழுத்து, வெளியே விட மறந்து நீலமாகிவிட்டது. நர்ஸ் பிடுங்கிக்கொண்டு முதுகைத் தட்டி அழவைத்தாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் பயம் தெளிந்ததும் சிரித்தார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தான். மிச்சப் பாங்கை அவனுடைய தம்பி வந்து சொல்லி முடித்தான்.

அதனால் இந்த முறை அவள் முன்கூட்டியே ஆயத்தமானாள்.

பக்கத்துத் தெருவுக்கு அப்பால் பெண்கள் நடத்துகிற சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. சனிக்கிழமை தோறும் அங்கே கர்ப்பிணிகளைப் பாயில் உட்காரவைத்து, எப்படி மூச்சு விடுவது, எப்படி நடப்பது, வலி வரும்போது எப்படிச் சாய்ந்துகொள்வது என்று ஒரு நர்ஸ் காட்டிக்கொடுத்தாள். அவளுக்கு மூச்சு நர்ஸ் என்று பெயராகிவிட்டது. இவளைவிட ஆறேழு வயது இளையவள், சிரிக்கும்போது வாயை மூடிக்கொள்கிற பெண்.

இதைக் கேட்டு அதிகம் சிரித்தது நாத்தனார். பட்டறைக்காரனின் அக்கா, ஸ்கூல் வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலை. பிரசவம் முடிகிறவரை துணைக்கு வந்து தங்கியிருந்தாள்.

"மூச்சு விடுறதுக்கு ஒரு கிளாஸா? நாங்கல்லாம் இத்தனை வருஷமா மூச்சு விடாமயா இருந்தோம்?"

"விட்டுட்டுத்தான் இருந்தோம் அக்கா. பயத்துல பிடிச்சு வச்சுக்கறோமாம். அதைத்தான் சரி பண்றாங்க."

சிரித்தாளே தவிர நாத்தனார் ஒரு குறையும் வைக்கவில்லை. காலையில் கஞ்சி, பதினோரு மணிக்குப் பழம், படுக்கும்போது இடதுபக்கமாகப் படுக்கிறாளா என்று ஒரு பார்வை. கடைசி மாதத்தில் பேரீச்சம்பழத்தைக் கொட்டை எடுத்து, எண்ணி, தட்டில் வைத்து, சாப்பிடுகிற வரை நகரமாட்டாள்.

வகுப்பில் மூச்சு நர்ஸ் நாலு எண்ணி இழுத்து, நாலு எண்ணி விடச் சொன்னாள். இவளுக்கு எண்ணிக்கை ஒட்டவில்லை. எண்ணினால் தலையணைக் கணக்கு நினைவு வந்தது. எண்ணுவதற்குப் பதில் திக்ரு ஓதலாமா என்று தயங்கிக் கேட்டாள். மூச்சை இழுக்கும்போது 'யா', விடும்போது 'லத்தீஃப்'.

"அப்படின்னா என்னக்கா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"அல்லாவோட பேரு. மென்மையா நடத்துறவன்னு அர்த்தம்."

நர்ஸ் கொஞ்ச நேரம் அதைத் தானே இழுத்து விட்டுப் பார்த்தாள். நீளம் சரியாக இருக்கிறது, நாலைவிட இது நல்லது என்றாள். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் அவரவருக்குப் பிடித்த பெயரைச் சொல்லி மூச்சு விட்டார்கள்.

ஒவ்வொரு நாளும் நடக்கச் சொன்னதால் மத்தியானச் சாப்பாட்டைப் பட்டறைக்கு அவளே கொண்டுபோனாள். வாசலில் நின்றால் உள்ளே வேலை தெரியும். ஆள் உயரத்துக்கு மேல் நீளமான தகட்டை இரண்டு பேர் தூக்கிப் போவார்கள். முன்னால் பிடித்திருப்பவனுக்குப் பின்னால் இருப்பவன் தெரியமாட்டான். மேஜையில் இறக்கும்போது முன்னவன் முதலில் கையை விட வேண்டும். சீக்கிரம் விட்டால் தகடு காலில் விழும். விடாமல் இழுத்துப் பிடித்திருந்தால் விளிம்பு உள்ளங்கையைக் கிழித்துவிடும். சொல்லலாம் என்றால் அந்த இரைச்சலில் எதுவும் கேட்காது. அதனால் பின்னால் இருப்பவன் நடுவுக்கு நகர்ந்து முழுப் பாரத்தையும் தன் தோளில் வாங்கியதும், ஒரு கையை விரித்து முன்னவன் முதுகில் அழுத்தி வைப்பான். பாரம் என்கிட்ட வந்தாச்சு, நீ விடலாம் என்று அர்த்தம். தட்டுவதோ குலுக்குவதோ கிடையாது. கை அங்கேயே இருக்கும். 'கை வைக்கிறது' என்பார்கள். பட்டறைக்காரனின் வலது உள்ளங்கையில் குறுக்கே ஒரு தழும்பு உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கை வைத்த பிறகும் நம்பாமல் பிடித்திருந்ததற்குக் கிடைத்தது.

பழக்கம் வீட்டுக்கும் வந்திருந்தது. பஞ்சு மூட்டை, பீரோ எதைத் தூக்கினாலும் அவள் முதுகில் கை வைப்பான், அவள் விட்டுவிடுவாள். எட்டாம் மாதத்தில் தையல் மிஷினை ஜன்னலோரம் நகர்த்தியபோதும் அவள் ஒரு பக்கத்தைப் பிடிக்கப் போனாள். பிடிப்பதற்கு முன்பே முதுகில் கை வந்துவிட்டது. "நீ பிடிக்கவே வேணாம்" என்றான். பின்வீட்டுக்காரர்களுக்கும் அது கேட்டிருக்கும்.

ஒன்பதாம் மாதம் பிறந்ததும் மூச்சு நர்ஸ், ஆஸ்பத்திரியில் எப்படி எப்படி வேண்டும் என்று எழுதிக் கொண்டுவரச் சொன்னாள். உறை வெட்டுகிற பழுப்புத் தாளில் ஒரு துண்டு கிழித்து, மிஷின் மேலேயே வைத்து அவள் எழுதினாள். சத்தமாகப் பேசுகிற யாரும் உள்ளே வர வேண்டாம். என்னை நம்பர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். டாக்டர் பெண்ணாக இருக்கட்டும். தலைத்துணி விலகினால் யாராவது எடுத்துப் போட்டுவிடுங்கள். மல்லாந்து படுக்கச் சொல்ல வேண்டாம், என் தலையணை மேல் சாய்ந்துகொள்கிறேன். தொழுகை நேரம் வந்தால் சொல்லுங்கள். கடைசியாக, நர்ஸ் நினைவூட்டியபடி ஒரு வரி: பிள்ளைக்கோ எனக்கோ ஆபத்து என்றால் இந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, செய்ய வேண்டியதைச் செய்யுங்கள்.

எழுதி முடித்து ஒருமுறை படித்துப் பார்த்தாள். தாளை மிஷின் டிராயரில் வைத்தாள். வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனையைப் பார்த்துப் பட்டறைக்காரன் எடுத்துப் படித்தது அவளுக்குத் தெரியாது.

அடுத்த ஒரு வாரம் வீட்டில் சத்தமே இல்லை. கேட்டால் தலையை ஆட்டினான், வேண்டும் என்றால் கையைக் காட்டினான். மகள்கூட, "அத்தாவுக்குத் தொண்டை வலியா?" என்று கேட்டாள். மளிகைக்கடைக்காரர், "வீட்டுக்காரர் ஊர்ல இல்லையாம்மா?" என்றார். வேலை அதிகம், அசதி என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கொழுந்தன் வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவன் துணிக்கடையில் சேல்ஸ்மேன். தேன் தடவின மாதிரிப் பேசுவான், வாங்க வராதவர்களும் வாங்கிக்கொண்டு போவார்கள். உட்கார்ந்ததும், என்றைக்குப் பிரசவம் இருக்கும் அண்ணி, கடையில் முன்கூட்டியே லீவு சொல்ல வேண்டும் என்றான். உனக்கு எதுக்குப்பா லீவு என்று அவள் கேட்டாள்.

"பாங்கு சொல்றதுக்குத்தான். அண்ணன் என்னையே முழுசா சொல்லச் சொல்லிட்டார். தான் உள்ள வரப்போறதில்லைன்னார்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத் தெரியாதா?" என்றான்.

ஒரு வாரமாக அவன் பேசாததும் டிராயரில் இருந்த தாளும் சேர்ந்து புரிய, அவள் மொட்டைமாடிக்கு ஏறினாள். பட்டறைக்காரன் காய்ந்த பஞ்சை அள்ளி மூட்டையில் அமுக்கிக்கொண்டிருந்தான். நிழலைப் பார்த்துத் திரும்பினான். அன்று நடந்த சண்டையில் அவள் பக்கத்துப் பேச்சு உதட்டசைவாகவே நடந்தது. அவன் பக்கத்துப் பேச்சு தெருவுக்கே கேட்டது. மளிகைக்கடைக்காரர் ரேடியோவைக் குறைத்து வைத்துக்கொண்டார்.

"ஆமா, படிச்சேன். நீ எழுதினது சரிதானே. நான் என்ன குறையா சொன்னேன்?"

அது உங்களுக்கு எழுதினது இல்லை என்றாள் அவள். போன தடவை கத்தினார்களே, அவர்களுக்கு எழுதியது.

"எனக்கு இல்லன்னா, என் வீட்டுக்காரரைத் தவிரன்னு போட்டிருப்பியே."

"தோணல. உங்களை வெளி ஆளா நினைச்சிருந்தாத்தானே தோணும்?"

அவன் மூட்டையை விட்டுவிட்டு நிமிர்ந்தான். பஞ்சு புருவத்தில் ஒட்டியிருந்தது.

"பெரியவ முகம் நீலமாப் போச்சே, உனக்கு ஞாபகம் இருக்கா? எனக்குத் தினமும் ஞாபகம் வருது. எல்லாரும் சிரிச்சாங்கன்னு நானும் சிரிச்சேன். என் சத்தத்துல பிள்ளைக்கு மூச்சு நின்னுது. இப்பவும் எனக்கு என் குரல் கேக்கல. எவ்வளவு குறைச்சாக் குறைவுன்னு யார் வந்து எனக்குச் சொல்லுவா? நீ அமைதியா பெத்துக்கணும்னு இத்தனை மாசமா நடந்து, மூச்சு விட்டு, எழுதி வச்சு... அதை நான் கெடுக்கமாட்டேன்."

அவள் என்னவெல்லாமோ சொல்லிப் பார்த்தாள். நீங்கள் பேச வேண்டாம், பக்கத்தில் இருந்தால் போதும் என்றாள். வாய் சும்மா இருக்காது, துஆ கேட்டுவிடும் என்றான். எனக்கு நீங்கள்தான் வேண்டும் என்றாள். அதைப் படித்துவிட்டு அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவனிடம் யாரும் பேச முடியாது. கடைசியில் கேட் வரைக்கும் வருவதாக ஒத்துக்கொண்டான்.

அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது. ஒரு நல்ல பிரசவத்துக்காகப் பார்த்துப் பார்த்துச் செய்த ஏற்பாட்டில், மிக அவசியமான ஆளையே கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டோமே என்று தன்மீதே ஆத்திரமாக இருந்தது. கீழே வந்து நீளத் தலையணை ஒன்று தைக்க உட்கார்ந்தாள். மேல் படியிலிருந்து நாத்தனார் கேட்டாள்: "அவன் சொன்னதெல்லாம் கேட்டுச்சு. நீ என்ன சொன்னே?" அவள் ஊசியில் நூலைக் கோர்த்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை அந்தத் தலையணையின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தபோது முதல் வலி வந்தது. அவள் ஊசியை நிறுத்தி, யா என்று இழுத்து, லத்தீஃப் என்று விட்டாள். வலி வந்த வழியே போனது. மிச்சம் நாலு விரல்கடை தையலையும் போட்டு நூலைக் கடித்தாள். வாசல்வரை நடந்தாள், திரும்பினாள். குளித்தாள். வலிகள் நெருங்கியதும் நாத்தனாரிடம் சொன்னாள். நாத்தனார் எதற்கும் பதறாத மாதிரிக் காட்டிக்கொண்டு, காலில் ஒரு செருப்பு ஒருவிதமாகவும் மறு செருப்பு வேறுவிதமாகவும் போட்டுக்கொண்டு வந்தாள். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, வழியில் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி அவனையும் ஏற்றிக்கொண்டார்கள். அவன் வேலை உடையோடே வந்தான், தூசிக்குக் கட்டுகிற துணி கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

சொன்னபடியே கேட்டோடு நின்றான். தலையணையை அவள் கையில் கொடுத்தான்.

உள்ளே எல்லாம் அவள் எழுதினபடியே நடந்தது. மூச்சு நர்ஸ் தாளைச் சுவரில் ஒட்டினாள். திரையை இழுத்து வெளிச்சத்தைக் குறைத்தாள். பெண் டாக்டர் வந்து பார்த்து, பிள்ளையின் இதயத்துடிப்பு நன்றாக இருக்கிறது, நடக்கலாம் என்று சொல்லிப் போனார். நாத்தனார் வெந்நீரில் துணி பிழிந்து இடுப்பில் ஒற்றிக்கொண்டிருந்தாள். மத்தியானத்து லுஹர் தொழுகை நேரம் வந்ததும் நர்ஸே நினைவூட்டினாள். நாற்காலியில் உட்கார்ந்து தொழுதாள். மூன்று பேரீச்சம்பழம் சாப்பிட்டாள். இவ்வளவு எளிதாக இருக்குமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

தொழுது முடித்துக் கொஞ்ச நேரத்தில் பக்கத்து அறையில் ஒரு பெண் வீறிட்டாள். கூட வந்த யாரோ பதற்றத்தில், "கத்தாதே, கத்தாதேடி" என்று கத்தினார்கள்.

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. அவள் மறுபடி மூணாம் நம்பர் ஆகிவிட்டாள். தோள் காதுவரை ஏறியது, பல் கிட்டித்தது, கைகள் கட்டில் கம்பியைப் பிடித்தன. அடுத்து வந்த வலிக்கு யா மட்டும் வந்தது, லத்தீஃப் வெளியே வரவில்லை. நர்ஸ் முதுகைத் தடவி, "தோளை இறக்குங்கக்கா, கம்பியை விடுங்க, தளர விடுங்க" என்று மெதுவாக, நல்ல குரலில் சொன்னாள். சொன்னதெல்லாம் காதில் விழுந்தது, உடம்புக்கு எட்டவில்லை. விட்டால் விழுந்துவிடுவோம் என்று உடம்பு பிடிவாதமாக நம்பியது. ஒரு மணி நேரம் அப்படியே போனது. டாக்டர் வந்து பார்த்தார். பிள்ளை நன்றாக இருக்கிறது, ஆனால் இறங்கவே இல்லை, அம்மா ரொம்ப இறுக்கிக்கொண்டிருக்கிறார், இன்னும் அரை மணி பார்க்கலாம், இல்லையென்றால் தாளின் கடைசி வரிதான் என்றார்.

டாக்டர் போனதும், "அவரைக் கூப்பிடுங்க" என்றாள் அவள்.

நர்ஸ் சுவரைப் பார்த்தாள். "அக்கா, நீங்கதானே எழுதியிருக்கீங்க..."

அவள் பைக்குள் கைவிட்டு, துணியில் கோடு போடுகிற சாக்கட்டியை எடுத்தாள். நாத்தனார் தாளைச் சுவரிலிருந்து பிய்த்துப் பிடித்தாள். முதல் வரிக்குப் பக்கத்தில், வலி விட்ட இடைவெளியில், கோணல் மாணலாக எழுதினாள்: என் வீட்டுக்காரரைத் தவிர.

நர்ஸ் கேட்டுக்கு ஓடினாள். அவள் அந்த மெல்லிய குரலில் கூப்பிட்டது பட்டறைக்காரனுக்கு எங்கே கேட்கப்போகிறது? தாளை முகத்துக்கு நேரே பிடித்தாள். அவன் சாக்கட்டி எழுத்தைப் படித்தான். இன்னொரு தரம் படித்தான். பிறகு கழுத்துத் துணியை இழுத்து வாயைச் சுற்றிக் கட்டி, பின்னால் இரண்டு முடிச்சுப் போட்டுக்கொண்டு, கையை முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உள்ளே வந்தான்.

அவள் தலையணை மேல் கவிழ்ந்து, கம்பியைப் பிடித்தபடி முழங்காலில் இருந்தாள். தலைத்துணி நழுவிக் கிடந்தது. அவன் முதலில் அதை எடுத்துப் போட்டான். அடுத்த வலி வருவது அவள் தோளிலேயே தெரிந்தது. என்ன செய்வது என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, சனிக்கிழமை வகுப்புக்கு அவன் போனதில்லை. அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். தகட்டுக்குப் பின்னால் நிற்கிற மாதிரிக் காலை அகட்டி நின்று, வலது கையை விரித்து அவள் முதுகில் அழுத்தி வைத்தான்.

தட்டவில்லை, தடவவில்லை. தழும்பு உள்பட முழு உள்ளங்கையும் அங்கேயே இருந்தது.

பாரம் என்கிட்ட வந்தாச்சு. நீ விடலாம்.

அவளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பத்து வருஷமாக அந்தக் கை வந்ததும் எதையெல்லாம் விட்டிருக்கிறாளோ, அதேபோல விரல்கள் தானாகக் கம்பியை விட்டன. தோள் இறங்கியது. பிடித்து வைத்திருந்த மூச்சு நீளமாக வெளியே போனது, லத்தீஃபும் அதோடு போனது. பக்கத்து அறையில் யாரோ இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தார்கள். அது பக்கத்து அறையிலேயே நின்றுவிட்டது.

"இப்ப இறங்குது" என்றாள் நர்ஸ்.

அதற்குப் பிறகும் எளிதாக இருந்ததாகச் சொல்லிவிட முடியாது. பிள்ளை பெறுவது பிள்ளை பெறுவதுதான். இரண்டு முறை அவள் வாய்விட்டே அலறினாள். கத்தாதே என்று அங்கே யாரும் சொல்லவில்லை. சாயங்கால அஸர் நேரம் தொடங்கிச் சற்று நேரத்தில் பெண்பிள்ளை பிறந்தது. டாக்டர் அதைத் துடைத்து அவள் மார்பில் வைத்தார். வாய்க்கட்டுக்கு மேலே பட்டறைக்காரனின் இரண்டு கண்களும் நனைந்து, துணியில் ஈரம் இறங்கிக்கொண்டிருந்தது.

கொழுந்தன் கைகால் முகம் கழுவி ஒளு செய்து, வாசனை பூசி, வராந்தாவில் தயாராக நின்றான். நாத்தனார் தலையை நீட்டி, பாங்கு சொல்ல அவனைக் கூப்பிடட்டுமா என்று கேட்டாள். பட்டறைக்காரன் வேகமாகத் தலையாட்டி, வாசலைக் காட்டி, தம்பியை வரச் சொல்லச் சைகை செய்தான். ஒதுங்கி வழிவிடவும் செய்தான்.

அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளாதபடி தாடையைப் பிடித்துக்கொண்டு, நீங்க சொல்லுங்க என்று உதட்டை அசைத்தாள். அவன் இல்லை என்று தலையாட்டினான். பிள்ளையின் முகத்தைக் காட்டி, பயத்தோடு கையை விரித்தான். நீலமாகப் போய்விடும் என்று அவன் சொல்லவருவது அந்த அறையில் அவளுக்கு மட்டும்தான் தெரிந்தது.

எழுந்து உட்கார அவளுக்குத் தெம்பில்லை. படுத்தபடியே கையை நீட்டினாள். குனிந்திருந்த அவன் முதுகில் உள்ளங்கையை விரித்து அழுத்தி வைத்தாள்.

அவன் அசையாமல் நின்றான். பிறகு பின்னால் கையைக் கொண்டுபோய் முடிச்சை அவிழ்த்தான்.

பிள்ளையின் வலது காதோரம் வாயைக் கொண்டுபோனான். நர்ஸ் தன்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நாத்தனார் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். காத்திருந்தார்கள். பிள்ளையின் நெற்றிமுடி ஒன்று அவன் மூச்சில் லேசாக அசைந்தது, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்னடா, ஆரம்பிக்கலையா?" என்று நாத்தனார் கேட்டாள்.

அவன் அதற்குள் முடித்திருந்தான். அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு வார்த்தையையும் அவன் உதட்டில் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு சொல் விடவில்லை. அவள் கைக்கடியில் அவன் முதுகு மட்டும் அந்த வார்த்தைகளுக்கு அதிர்ந்தது, குர்குர்ரென்கிற பூனை வயிறு மாதிரி.

அவன் குனிந்தபடியே தலையை மட்டும் தூக்கினான். முகமெல்லாம் கவலை.

"எனக்கே கேக்கல. இவளுக்குக் கேட்டிருக்குமா?"

துணி அவிழ்ந்த நினைப்பே இல்லாமல் கேட்டுவிட்டான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வராந்தாவில் கொழுந்தன் துள்ளினான். பக்கத்து அறையில் கத்திக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். அவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு பிள்ளையைப் பார்த்தான்.

பிள்ளை திடுக்கிடவில்லை. பெரியவளுக்கு ஆனதுபோல் காதுக்குள்ளேயே வெடிக்கவில்லை, ஒன்பது மாதமாக வயிற்றுக்குள் இருந்து தினம் கேட்ட குரல்தான் அது. சத்தம் வந்த பக்கமாக முகத்தைத் திருப்பி, அவன் சட்டையில் மூக்கை வைத்துக்கொண்டு தூங்கிவிட்டது.

"கேட்டுருக்கு" என்றாள் அவள். பத்து வருஷத்தில் முதல்முறையாக அவனிடம் குரல் எடுத்துச் சொன்னாள். கையை அவன் முதுகிலிருந்து எடுக்கவில்லை.